மீன் தொட்டியும் மின்சாரமும்

தூத்துக்குடியினின்று திருச்செந்தூர் செல்லும் பெருவழியில், நகரத்திற்குத் தெற்கே, உப்பளங்கள் சூழக் கிடப்பது முத்தையாபுரம். யாம் பிறந்து வளர்ந்த ஊர் அதுவே. எம்மூரார்க்கு உப்பும் புதிதன்று, கடலும் புதிதன்று. எனினும், கடலினை ஒரு கண்ணாடித் தொட்டியுள் அடக்கி, வீட்டின் முன்னறையில் வைத்துக் கண்டு மகிழும் வழக்கம் அண்மையிற் புகுந்ததாகும். தொட்டியின் அழகைக் காண்போர் பலர். அதனைத் தாங்கி நிற்கும் மரப்பெட்டியின் கதவினைத் திறந்து பார்ப்போர் சிலரே. அவ்வடிப்பெட்டியினுள் மின்கருவிகளையும் கம்பிகளையும் ஒழுங்குற அமைக்கும் முறையினை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் மின்கம்பிக்கும் யாது தொடர்பு என வினவுவார் உளராகலாம். அவர்பொருட்டு எம் இல்லத்து நிகழ்ந்ததொன்றை முதற்கண் கூறுதும்.

எம் தமையனார் ஈராண்டுகட்கு முன்னர் ஒரு கடல்நீர்த் தொட்டி அமைத்தார். கார்த்திகைத் திங்களின் மழைநாளொன்றில் எம் அன்னையார் அதன் விளிம்பினைத் துடைத்துக் கொண்டிருந்தனர். விரல் நீரிற் பட்டதும் வெடுக்கெனக் கையை இழுத்துக்கொண்டு, “என்னய்யா, தொட்டி கடிக்கிறதே!” என்றனர். மீன் கடித்திருக்கும் என்று கூறி யாம் நகைத்தோம். மறுநாளும் அன்னையார் அவ்வாறே கூறினர். அப்போழ்து மீன்களெல்லாம் தொட்டியின் மறுகோடியில் இருந்தன. எம் நகைப்பு அவ்வளவில் அடங்கிற்று. தமையனார் விரைந்து சென்று வீட்டின் தலைமைச் சுவிட்சை அணைத்துவிட்டு அடிப்பெட்டியின் கதவினைத் திறந்தார். பெட்டியின் தரையில் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி கிடந்தது. அதில் ஐந்து பிளக்குகள் செருகப்பட்டிருந்தன. கம்பிகள் இடியாப்பம்போற் பின்னிக் கிடந்தன. அவற்றுள் ஒரு கம்பியின் மேல், நீரிலிருந்து பிளக்கு வரையில், வெள்ளிய உப்புப் பூத்திருந்தது. மழைநாளின் ஈரத்தால் அவ்வுப்புக் கசிந்து, மின்சாரம் நடந்து செல்வதற்கு ஒரு பாலமாயிற்று. அன்னையாரோ வெறுங்காலுடன் ஈரத்தரையில் நின்றிருந்தனர். கடித்தது மீன் அன்று என்பதும், அக்கடி சிறிதாயிருந்தது நற்பேறே என்பதும் அன்று எமக்கு விளங்கின. அதன் பின்னரே இப்பொருளைப் பற்றி வினவவும் கற்கவும் தொடங்கினேம்.

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வளர்க்கும் கலை மின்சாரத்தோடு பிறந்ததன்று. இலண்டன் மாநகரத்து வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன் என்பார், நீர்ச்செடியும் மீனும் ஒன்றற்கொன்று உதவி ஒரே தொட்டியில் வாழும் என்பதனை 1850-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினர். 1853-இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்மனையொன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலால் ‘அக்வேரியம்’ என்னும் பெயர் பரவிற்று. நம் நாட்டில், சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டு ஒரு மீன்காட்சிச் சாலை தோன்றிற்று. தூத்துக்குடியிலோ, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் முத்துச் சிப்பியினின்று வளர்ப்பு முத்தினை விளைவித்தனர். 1981-இல் அச்சிப்பியின் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பிறப்பித்து வளர்த்தனர். எனவே, கடலைத் தொட்டியுட் கொணர்தலில் எம் நகரம் பிறர்க்கு ஆசானாகவே விளங்கியதெனலாம். ஆயின் ஆராய்ச்சி நிலையத்தில் அறிவுடையோர் பலர் கருவிகளைக் காத்து நிற்பர். வீட்டிலோ காப்போர் எவருமிலர். கருவிகளின் ஒழுங்கே காவலாதல் வேண்டும்.

இனி, அடிப்பெட்டியினுள் இருப்பன யாவை எனக் காண்பாம். மேல்தொட்டியினின்று வடியும் நீரைத் தாங்கித் தூய்மைசெய்யும் கீழ்த்தொட்டி ஒன்று. அந்நீரை மீண்டும் மேலேற்றும் பம்பு ஒன்று. அழுக்கினை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் என்னும் கருவி ஒன்று. காற்றூட்டும் பம்பு ஒன்று. இவற்றோடு மேலே எரியும் எல்.இ.டி. விளக்கின் அடாப்டரும், நீரைக் குளிர்விக்கும் சிறு மின்விசிறியின் கம்பியும், நேரங்காட்டி விளக்கை ஏற்றி அணைக்கும் டைமரும் அங்கே வந்து சேரும். குளிர்நாட்டார் தம் தொட்டிக்கு வெப்பமூட்டி வைப்பர். எம்மூர் வெயிலுக்கு அது வேண்டுவதன்று, விசிறியே வேண்டுவது.

இக்கருவிகள் உண்ணும் மின்சாரம் எவ்வளவு? பம்பிற்கு 40 வாட்டு, ஸ்கிம்மருக்கு 20, விளக்கிற்கு 90, விசிறிக்கு 20, காற்றுப் பம்பிற்கு 5 எனக் கொள்வோமாயின் மொத்தம் 175 வாட்டு ஆகும். நம் நாட்டு 230 வோல்ட்டு மின்சாரத்தில் இஃது ஓர் ஆம்பியருக்கும் குறைவே. வீட்டின் சிறிய பிளக்குத் துளையோ 6 ஆம்பியர் தாங்க வல்லது. ஆகலின், இப்பெட்டியில் அஞ்சத்தக்கது பளு அன்று, நீரே. இதனை உணராமல், தடித்த கம்பியாயின் அச்சமில்லை எனக் கருதி எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் எறிந்துவிடுவோர் மிகப் பலர்.

அந்நீரும் கடல்நீராயின் அச்சம் பன்மடங்காகும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கரைந்துள்ளது. அதனால் அது குடிநீரினும் பல்லாற்றான், ஏறக்குறைய நூறு மடங்கு, எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். அஃதன்றியும், நன்னீர் சிந்தினால் உலர்ந்து மறையும். உப்புநீர் சிந்தினால் நீர் மறைந்து உப்பு எஞ்சும். எஞ்சிய உப்பும் வாளா கிடவாது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடக்குமாயின் உப்புத் தானே நீரை ஈர்த்துக் கசியும். கடலுப்பில் விரவியுள்ள மெக்னீசியம் குளோரைடு அதனினும் குறைந்த ஈரத்திலேயே கசியும். மழைக்காலத்தில் அடுக்களையின் உப்புச் சாடி நீர்விடுதலை அறியாத தமிழ்மனை உண்டோ? அச்சாடியில் நிகழ்வதே எம் இல்லத்துப் பிளக்கிலும் நிகழ்ந்தது.

இவ்வாறு உப்பும் மின்சாரமும் பகைக்கும் காட்சியை எம்மூர்த் தெருவிலேயே காணலாம். மின்கம்பங்களின் மேல் கம்பியைத் தாங்கும் பீங்கான் காப்பிகளை உற்று நோக்குமின். அவை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிறு குடைகளை அடுக்கினாற்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். அழகு கருதிச் செய்ததன்று அது. மழைநீர் ஒவ்வொரு குடையின் விளிம்பிலும் சொட்டி விழுந்துவிட, குடையின் அடிப்புறம் உலர்ந்தே இருக்கும். ஆகலின் நீர்ப்படலம் மேலிருந்து கீழ்வரையில் தொடர்ந்து ஒரு வழியாக அமையாது. கடற்கரையில் அக்காப்பிகளின்மேல் உப்புப் படியுங்கால் மின்சாரம் அவ்வுப்பின்மேற் பாய்ந்து செல்வதும் உண்டு. அதனாலன்றோ கடலடுத்த இடங்களில் அவற்றைக் கழுவித் தூய்மைசெய்கின்றனர். நீரின் வழியை இடையே அறுத்துவிடுக என்பதே அப்பீங்கான் கற்பிக்கும் பாடம். அடிப்பெட்டியில் நாம் செய்யவேண்டுவதும் அதுவே.

நீர் மின்சாரத்தை அடையும் வழிகள் மூன்று. முதலாவது, கம்பியின்மேல் வழிதல். தொட்டியினின்று இறங்கும் கம்பி நேரே பிளக்கிற்குச் சென்றால், அதன்மேல் வழியும் துளியும் நேரே பிளக்கினுள்ளே செல்லும். இதற்கு மாற்று மிக எளிது. கம்பியைப் பிளக்கினும் தாழத் தொங்கவிட்டு, ஊஞ்சற்கயிறுபோல் வளைத்து, மீண்டும் மேலேற்றிப் பிளக்கிற் செருகுக. துளியானது தாழ்ந்த வளைவிற் சேர்ந்து கீழே சொட்டிவிடும். மேலேறுதல் நீருக்கு இயல்பன்று. செலவு ஒரு காசும் இல்லை. கம்பி ஒரு சாண் மிகுதியாக வேண்டும், அவ்வளவே. வளைவின் அடியில் வேறு பிளக்கோ பெட்டியோ இருத்தலாகாது என்பதனை மறத்தலாகாது.

இரண்டாவது, வழிந்து பெருகுதல். மின்சாரம் நின்றவுடன் பம்பு நின்றுவிடும். அப்போது மேலேற்றும் குழாயே நீரைக் கீழிழுக்கும் சைபனாக மாறி, தன் வாய் நீர்மட்டத்திற்கு வெளியே தோன்றும்வரை மேல்தொட்டி நீரைக் கீழே இறக்கும். 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால் இறங்கும் நீர் 5.4 லிட்டர், குழாயின் வாய் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர். கீழ்த்தொட்டி அதனைக் கொள்ளாதாயின் பெட்டியின் தரை குளமாகும். ஆகலின் குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வைத்தல் வேண்டும். கீழ்த்தொட்டியில் இறங்கும் நீருக்கு இடம் ஒழித்து வைத்தல் வேண்டும். தொட்டி அமைத்த அன்றே பம்பினை நிறுத்திப் பார்த்து, நீர் எதுவரை ஏறுகின்றதெனக் கண்டு, அவ்விடத்தே கோடு கிழித்து வைத்தல் நலம். வெள்ளம் வருமுன்னே அணை கோலுதல் இதுவேயாம்.

காற்றுப் பம்பிற்கும் இவ்வாறே ஒரு கேடு உண்டு. அது நீர்மட்டத்திற்குக் கீழே இருந்து, மின்சாரமும் நின்றால், நீர் காற்றுக்குழல் வழியே இறங்கிப் பம்பினுட் புகும். அதனைத் தடுக்க, பம்பினை நீர்மட்டத்திற்கு மேலே வைக்கலாம். அன்றேல், காற்றை ஒருபுறமே செல்லவிடும் சிறு வால்வு ஒன்றைக் குழலிடையே பொருத்தலாம். மீன்குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் காற்றூதும் எந்திரத்தைத் தொட்டிகளினின்று விலக்கித் தனியிடத்தே நிறுத்துவர். தொட்டிக்குச் செல்வது குழல்வழிக் காற்று மாத்திரமே. நீரண்டை மின்சாரத்தைக் கொண்டுசெல்லுதலினும், மின்சாரத்தின் பயனை மட்டும் கொண்டுசெல்லுதல் சிறந்தது என்பது அவர்தம் துணிபு.

மூன்றாவது, கண்ணுக்குப் புலனாகாத ஆவி. மூடிய பெட்டியினுள் கீழ்த்தொட்டியின் ஆவி தங்கி, பிளக்கின் பித்தளைக் கால்களிற் பச்சைக் களிம்பினை உண்டாக்கும். களிம்பேறிய பிளக்குச் சரிவரப் பொருந்தாது சூடேறும்; சூடு தீயாதலும் கூடும். பெட்டியின் முதுகுப் பலகையில் மேலும் கீழும் துளைகள் விட்டுக் காற்றோட்டம் உண்டாக்கல் வேண்டும். கீழ்த்தொட்டிக்கு ஒரு மூடியும் வேண்டும்.

இம்மூன்றனையும் உளங்கொண்டு எம் தமையனாரும் யாமும் ஒரு சனிக்கிழமை முழுதும் அப்பெட்டியைத் திருத்தினேம். செய்த முறை வருமாறு. முதலில் பெட்டியை நடுவே ஒரு பலகையால் இரண்டறையாக்கி, ஓரறையை நீருக்கும் மற்றதை மின்சாரத்திற்கும் விட்டேம். மின்னறையின் பக்கச் சுவரில், தரையினின்று இயன்ற அளவு உயரத்தில், பிளக்குப் பலகையைச் செங்குத்தாகத் திருகினேம். துளைகள் மேல்நோக்கி இருந்தால் துளி விழும், பக்கம் நோக்கி இருந்தால் விழாது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி சுவிட்சு அமைத்தேம். ஓர் எக்ஸ்டென்ஷனில் மற்றோர் எக்ஸ்டென்ஷனைச் செருகுதலை அறவே ஒழித்தேம். அடாப்டர்களைத் தரையிற் குவியாமல், ஒன்றற்கொன்று இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சிறு தட்டொன்றில் நிறுத்தினேம். அவை தாமே சூடாகும் இயல்பின ஆகலின் துணியிற் பொதிதலோ நெருக்கி அடுக்குதலோ தகாது. நடுப்பலகையின் மேற்பகுதியில் ஒரு துளையிட்டு, எல்லாக் கம்பிகளையும் அதன்வழியே கொணர்ந்து, ஒவ்வொன்றும் தன் வளைவிலே தாழ்ந்து ஏறுமாறு செய்தேம். கம்பிகளைக் கேபிள் டை கொண்டு தளரவே கட்டினேம். இறுகக் கட்டினால் மேலுறை நைந்துபோம். ஒரு கருவியை மாற்றவேண்டுங்கால் எல்லாவற்றையும் அறுக்கவும் நேரும்.

சுவரிலுள்ள மின்னிணைப்பிலோ யாம் கை வைத்திலேம். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்தேம். அவர் கண்டு கூறியது எம்மைத் திடுக்கிடச் செய்தது: மூன்று துளையுள்ள பிளக்குப் பலகையில் மூன்றாம் துளைக்கு எர்த்துக் கம்பி இணைக்கப்படவேயில்லை! மூன்று துளை காணப்படுதலாலேயே காப்பு உண்டென நம்புதல் பிழை என்பதை அன்று அறிந்தேம். அவர் எர்த்தினைச் சேர்த்தபின், ஆர்.சி.சி.பி. என்னும் காவற்கருவியையும் பொருத்தினார்.

இக்கருவியைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். வீடுகளில் முன்னரே உள்ள எம்.சி.பி. என்பது கம்பியைக் காப்பது, ஆர்.சி.சி.பி. மனிதரைக் காப்பது. 6 ஆம்பியர் எம்.சி.பி., அவ்வளவினைக் கடந்து மின்சாரம் பாய்ந்தாலன்றி விழாது. மனித உடலுக்கோ அதில் மிகச் சிறு கூறே போதும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தாமாக முன்வந்தோரைக் கொண்டு ஆராய்ந்து, கையிற் பற்றிய கம்பியைத் தானே விட இயலாதவாறு தசை இறுகிப்போதற்கு ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் 10 முதல் 16 கூறு அமையும் எனக் கண்டனர். ஆர்.சி.சி.பி. ஒரு கணக்கன் போன்றது. கருவிகளுக்குச் சென்ற மின்சாரம் அத்தனையும் திரும்பி வந்ததா என இடையறாது எண்ணிக்கொண்டே இருக்கும். ஆயிரத்தில் 30 கூறு ஆம்பியர் குறைந்தாலும், அது வேறு வழியே, ஒருகால் ஒருவர் உடல்வழியே, நிலத்திற்குச் செல்கின்றதென முடிவுசெய்து, இமைப்பொழுதிற்குள் இணைப்பை அறுத்துவிடும். அவ்வளவு மின்சாரத்தில் எரியக்கூடியது 7 வாட்டுச் சிறு விளக்கு ஒன்றே. எம்.சி.பி. விழும் அளவில் அஃது இருநூற்றில் ஒரு பங்கு. ஆயினும் இக்காவலனுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் போகும் கம்பியையும் மீளும் கம்பியையும் ஒருங்கே தொட்டால், கணக்குச் சரியாகவே இருக்குமாதலின், இஃது அறியாது. ஆகவே இதனை நம்பி ஈரக்கையால் பிளக்கைத் தொடுதல் கூடாது. கருவியின் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானைத் திங்கள்தோறும் அழுத்தி, அது விழித்திருக்கின்றதா எனவும் பார்த்தல் வேண்டும்.

ஈண்டு ஓர் இடர் தோன்றும். எவரும் வீட்டில் இல்லாத வேளையில் இக்காவலன் இணைப்பை அறுத்துவிட்டால் மீன்களின் கதி யாது? வெப்பமுற்ற நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். உப்புநீரில் இன்னும் குறைவு. பம்பு நின்ற சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறும். மனிதர் உயிரைக் காத்த கருவி மீனின் உயிரைக் கொல்லுமாயின் அதுவும் நன்றன்று. எம் தமையனார் வளர்ப்பன பொரிப்பகத்திற் பிறந்த கோமாளி மீன்கள். அவை நம்மையன்றிப் பிறர் துணை இல்லாதவை. ஆதலின் கருவிகளை இரண்டு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிற்கும் தனி ஆர்.சி.சி.பி. வைத்தேம், ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும். அதன்மேலும், மின்சாரம் நின்றவுடன் தானே ஓடத் தொடங்கும் பாட்டரிக் காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கி வைத்தேம். காவலனைக் கழற்றிவிட்டு மீனைக் காக்க முயல்வோர் உளர் எனக் கேள்வியுறுகின்றோம். அவர் தம் வீட்டுக் குழந்தையின் கையைப் பணயம் வைப்பவராவர்.

இறுதியாக ஒன்று. கம்பிகளையெல்லாம் ஒழுங்குசெய்த பின்னரும் வேலை முடிந்துவிடவில்லை. எக்கம்பி எதற்குரியது என அமைத்தவர்க்கு மாத்திரமே தெரிந்திருந்தது. எம்மூர்க் கடலில் முத்துக்குளித்த நாட்களை முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1961-ஆம் ஆண்டோடு அக்குளிப்பு ஓய்ந்தது. மூழ்குவோன் கல்லைக் காலிற்கொண்டு கடலடிக்குச் செல்வான். தோணியில் நிற்போன் அவன் கயிற்றைக் கையிற் பிடித்திருப்பான். கயிறு அசைந்ததும் இழுத்தல் வேண்டும். எக்கயிறு எவனுடையது என்பதில் ஐயமுற்று நிற்பானாயின் கீழே ஓர் உயிர் போம். அடிப்பெட்டியின் கம்பியும் அத்தகையதே. ஆகலின் ஒவ்வொரு பிளக்கின் மேலும், சுவிட்சின் மேலும், ‘மேலேற்றும் பம்பு’, ‘விளக்கு’, ‘விசிறி’, ‘காற்று’ எனப் பெரிய தமிழெழுத்தில் எழுதி ஒட்டினேம். எல்லாவற்றையும் ஒருங்கே அணைக்கும் சுவிட்சினைப் பெட்டியின் உள்ளே வையாமல், வெளியே, கை நனையாது எட்டும் சுவரில் வைத்து, அதற்குச் சிவப்பு வண்ணம் தீட்டினேம். தொட்டியிற் கையிடுமுன் அதனை அணைத்தல் எம் வீட்டு விதியாயிற்று. எவரேனும் மின்சாரத்தாற் பற்றப்பட்டால் அவரைத் தொடாமல் முதலில் அச்சுவிட்சையே நாடவேண்டும் என்பதும் வீட்டார் அனைவர்க்கும் சொல்லப்பட்டது.

அன்பர்காள்! நும் இல்லத்தே மீன் தொட்டி இருக்குமாயின், இன்று மாலையே அதன் கீழ்க்கதவைத் திறந்து பார்மின். கம்பி பிளக்கினும் தாழ்ந்து வளைகின்றதா, உப்புப் பூத்துள்ளதா, மூன்றாம் துளைக்கு எர்த்து உண்டா என நோக்குமின். கார்த்திகை மீண்டும் வந்து சென்றது. எம் அன்னையார் முன்போலவே தொட்டியின் விளிம்பைத் துடைக்கின்றனர். துடைக்குமுன் சிவப்புச் சுவிட்சை அணைத்து, பெட்டியைத் திறந்து, வளைவுகளின் கீழே துளி ஏதேனும் சொட்டியிருக்கின்றதா எனவும் பார்க்கின்றனர். சென்ற வாரம் ஒரு கம்பியில் உப்புப் பூக்கத் தொடங்கியதை எமக்கு முன் கண்டுபிடித்தவரும் அவரே. இம்முறை யாம் நகைத்திலேம்.